0.1-ம் 0.2-ம் சேர்ந்தால் எவ்வளவு?

“இது என்ன, ஆறாம் வகுப்புக் கணக்கு!” என்று சிரிக்கிறீர்களா, நண்பர்களே? 0.3 என்பது உங்கள் விடை. சரி, ஒரு கணிப்பொறியில் இணைய உலாவியைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்துங்கள். ‘கன்சோல்’ என்னும் பகுதியில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று விடை வரும்! என் வகுப்பில் இதைக் காட்டியபோது, கணிப்பொறியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார் ஒரு மாணவர். பத்து முறை அணைத்துப் போட்டாலும் இதே விடைதான்.

காரணம் என்ன? 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333... என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? கணிப்பொறி பயன்படுத்தும் இரும எண்முறையில் 0.1-க்கு அந்தக் கதி. அங்கே புள்ளிக்குப் பின்னுள்ள இடமதிப்புகள் 1/2, 1/4, 1/8, 1/16 என்று போகும். இவற்றைக் கூட்டி 1/10 ஆக்க முயன்று பாருங்கள். 1/16-ம் 1/32-ம் சேர்ந்தால் 0.09375. இன்னும் 1/256, 1/512 சேர்த்தால் 0.099609375. நெருங்கலாமே தவிர, எட்ட முடியாது. 0.000110011001100... என்று நீண்டுகொண்டே போகும். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி, 53 இரும இலக்கங்களோடு அதை வெட்டிவிடுகிறது.

இத்தனை சிறிய பிழையால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? 1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர் நடந்த சமயம். சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு காவலுக்கு நின்றது. அதன் கணிப்பொறி (அது வேறு வகைக் கணிப்பொறி, ஆனால் அதே 0.1!) காலத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. 24 இரும இலக்கங்களே இருந்ததால், ஒவ்வோர் எண்ணிக்கையிலும் ஏறத்தாழ 0.000000095 விநாடி விடுபட்டது. நூறு மணி நேரத்தில் 36 லட்சம் எண்ணிக்கை. பெருக்கிப் பாருங்கள்: 0.34 விநாடி! அதற்குள் பகைவரின் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அது இடைமறிக்கப்படவில்லை. 28 வீரர்கள் மாண்டனர்.

இணைய நிரல் எழுதுவோர் இத்தகைய பிழையைத் தவிர்க்க உதவும் கருவிகளுள் ஒன்று ‘மேத் ஜேஎஸ்’. 2013 முதல் வெளிவரும் கணித நிரல் நூலகம் இது. நூலகம் என்றால் புத்தக அலமாரி அல்ல. எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக உள்ள கணக்கு முறைகளின் தொகுப்பு. பின்னமாகக் கணக்கிடு என்று சொன்னால், அது 1/10, 1/5 என்று தொகுதியையும் பகுதியையும் முழு எண்களாகவே வைத்துக்கொண்டு 3/10 என்று பிசகில்லாமல் கூட்டும். −4-இன் வர்க்கமூலத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ‘எண் அல்ல’ என்று கைவிரிக்கும். இந்த நூலகமோ கலப்பெண் கணிதப்படி 2i என்னும். அங்குலத்தைச் சென்டிமீட்டராகவும் மாற்றும்.

ஆனால் ஒன்று. நாம் பின்னத்தைக் கேட்காவிட்டால் இந்த நூலகமும் பழைய 0.30000000000000004-ஐத்தான் தரும்! √2 போன்ற எண்களோ எந்தப் பின்னத்திலும் அடங்கா. எந்த முறை தேவை என்று நிரல் எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். இது திறந்த மூல நிரல். காசு கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே கூட்டல் எப்படி நடக்கிறது என்பதை நீங்களே வரிவரியாகப் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம்.

இப்போது காகிதத்தை எடுங்கள். 0.1, 0.2, 0.3 என்று 0.9 வரை ஒன்பது எண்கள். இவற்றுள் ஒன்றே ஒன்றுதான் இரும எண்முறையில் மிச்சமின்றி அடங்கும். அது எது?