கடுகை விட சின்ன பூச்சிக்கு அமெரிக்க பாடகி பெயர்!

பாட்டு பாடியும் படத்தில் நடித்தும் கோடி கோடியாக சம்பாதித்தவர் அமெரிக்க பாடகி ஜெனிபர் லோபஸ். அவர் பெயரில் ஒரு பூச்சி இருக்கிறது. கடுகை விட சின்ன பூச்சி. அதற்கு எட்டு கால்!

இந்தப் பெயரை வைத்தவர்கள் ரசிகர் மன்றத்துக்காரர்கள் அல்ல. விஞ்ஞானிகள்!

கரீபியன் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்று ஒரு தீவு. ஜெனிபரின் தாய்-தந்தைக்கு பூர்வீகம் அதுதான். தீவுக்கு மேற்கே, கடலுக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறைகள் இருக்கின்றன. அங்கேதான் இந்தப் பூச்சி சிக்கியது. இதன் குடும்பத்தில் அவ்வளவு ஆழத்தில் அதுவரை எதுவும் அகப்பட்டது இல்லை.

2014-ம் ஆண்டு. உலகக் கோப்பை கால்பந்து போட்டி நடந்துகொண்டிருந்த நேரம். மாண்டினீக்ரோ நாட்டு விஞ்ஞானி விளாதிமிர் பெசிச்சும் கூட்டாளிகளும் இந்தப் பூச்சியைப் பற்றி கட்டுரை எழுதிக்கொண்டு இருந்தார்கள். ஒரு பக்கம் கால்பந்து ஆட்டம். இன்னொரு பக்கம் ஜெனிபர் பாட்டு. அலுப்பு தெரியாமல் வேலை நடந்ததாம்! அதற்கு நன்றிக்கடனாக "லிட்டராக்னா லோபசே" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இந்தக் குழுவில் தன்பாத்தைச் சேர்ந்த தபஸ் சாட்டர்ஜி என்ற இந்தியரும் உண்டு.

தம்பலப்பூச்சிக்கு சொந்தம்

எட்டு கால் இருப்பதால் இதை பூச்சி என்று சொல்வதே தப்பு. இது சிலந்தி ஜாதி. மாட்டைக் கடிக்கிற உண்ணிக்கு தூரத்து உறவு. முதல் மழைக்கு சிவப்பு வெல்வெட் துணி மாதிரி தரையில் ஊருமே தம்பலப்பூச்சி, அதற்கு நெருங்கிய உறவு. தண்ணீரில் வாழ்வதால் "தண்ணீர் உண்ணி" என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெனிபர் பெயர் பெற்றது கடலுக்கு குடிபோன குடும்பம். மற்றவை பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் வாழ்கின்றன. ஏரி, குளம், ஓடை, ஊற்று எல்லாவற்றிலும் உண்டு. இதுவரை 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களுக்கு பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் இல்லாமல் இன்னும் ஏராளம் இருக்கின்றன.

கொசுவைக் கடிக்கும் குட்டி

மனிதனை கொசு கடிக்கிறது. கொசுவை யார் கடிப்பது? தண்ணீர் உண்ணியின் குட்டி!

குட்டிக்கு ஆறு கால்தான். சில ரகங்களின் குட்டிகள், தண்ணீருக்குள் இருக்கும் கொசுவின் கூட்டுப்புழு மேல் ஏறி காத்திருக்கும். கொசு தோலை உரித்துக்கொண்டு வெளியே வரும் அந்த நிமிடத்தில், டக்கென்று கொசுவின் உடம்புக்கு தாவிவிடும். அப்புறம் ஓசி பயணம்தான்! கொசு பறக்கப் பறக்க, இது அதன் உடம்புச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே போகும். முட்டையிட கொசு மறுபடி தண்ணீருக்கு வரும்போது இது கழன்று குதித்துவிடும். நிறைய குட்டிகள் ஒட்டிய கொசுவுக்கு ஆயுசும் குறைகிறது, முட்டையும் குறைகிறது.

எந்த ரகம் எந்தக் கொசுவைப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் அந்த ரகத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அங்கேதான் கஷ்டம்.

காலைக் கழற்றி படம்

ஓடையில் இறங்கி, காலால் கல்லைக் கிளறி, கீழே வலையைப் பிடிக்க வேண்டும். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் சேறும் சருகுமாக இருக்கும். சேறு அடங்கும் வரை பொறுமையாக உட்கார வேண்டும். அப்புறம் ஒரு புள்ளி ஓடும். அதை பில்லரால் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

சாராயத்தில் போட்டால் விறைத்துப்போகும். பிறகு அறுத்துப் பார்ப்பது கஷ்டம். அதனால் கிளிசரின், தண்ணீர், அசெடிக் அமிலம் மூன்றும் கலந்த திரவத்தில் போடுவார்கள். கோனிகே என்ற ஜெர்மானியர் பெயரால் வழங்கும் கலவை இது. மரபணு சோதனைக்கு என்றால் மட்டும் சாராயம்.

பிறகு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஊசியால் காலைத் தனியே, வாய்ப்பகுதியைத் தனியே கழற்றி கண்ணாடித் துண்டில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கால் கணுவையும் அளக்க வேண்டும். அளவு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்! ஒரு தும்மல் போட்டால் ஒரு வருஷ வேலை காணாமல் போய்விடும்.

ஆண்-பெண் குழப்பம் வேறு. "அரெனூரஸ்" என்ற வகையில் ஆணுக்கு வால் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கும். பெண்ணோ உருண்டையாக இருக்கும். தெரியாதவர்கள் இரண்டும் வேறு வேறு ரகம் என்று சத்தியம் செய்வார்கள்.

பழைய பெயருக்கே பட்டா

புதுசு என்று சொன்னால் போதாது. நிரூபிக்க வேண்டும். 100 வருஷத்துக்கு முன்பே எவராவது அதற்கு முறையாகப் பெயர் வைத்திருந்தால், பழைய பெயருக்குத்தான் பட்டா. புதுப்பெயர் செல்லாது. அதனால் பழைய புத்தகங்களை எல்லாம் புரட்ட வேண்டும். அதில் பாதி ஜெர்மன் பாஷை. ஜெர்மனியில் தந்தை கார்ல் வீட்ஸ், மகன் கர்ட் வீட்ஸ் என்று இரண்டு தலைமுறை உட்கார்ந்து இந்த உண்ணிகளுக்கு பட்டியல் போட்டார்கள்.

பிடித்ததில் ஒன்றை "இதுதான் அசல்" என்று குறித்து மியூசியத்தில் வைப்பது வழக்கம். பத்திரப்பதிவுக்கு மூலப்பத்திரம் மாதிரி. நாளைக்கு தகராறு வந்தால் அதை எடுத்துத்தான் பார்ப்பார்கள். மூல உருப்படி எது என்று சொல்லாமல் வைக்கும் பெயர், 2000-ம் ஆண்டு முதல் செல்லுபடி ஆகாது.

குழாய் வந்தது, உண்ணி போனது

"புள்ளி அளவு பூச்சிக்கு பெயர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம்.

ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு அரிசி கிடையாது. இதுவும் அப்படித்தான். தண்ணீர் கெட்டால் இவற்றின் எண்ணிக்கை மளமளவென்று குறைகிறது. எந்த ரகம் போனது, எது தாக்குப்பிடித்தது என்று எழுதினால்தான் ஓடை எவ்வளவு கெட்டது என்று சொல்ல முடியும். பெயர் இல்லாததை எந்தக் கணக்கில் எழுதுவது?

சில ரகங்கள் ஊற்றை விட்டு வேறு எங்கேயும் பிழைக்காது. ஊற்றைச் சுற்றி சிமெண்ட் தொட்டி கட்டி, குழாய் போட்டு தண்ணீரை இழுத்தால் அங்கே இருந்த கூட்டமே காலி. அது வேறு எங்கும் இல்லாத ரகமாக இருந்தால் அந்த வம்சமே முடிந்தது. அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு சாட்சியும் இருக்காது.

நம் நாட்டு தண்ணீர் உண்ணிகளைப் பற்றி அமெரிக்க விஞ்ஞானி டேவிட் குக் 1967-ல் ஒரு நூல் வெளியிட்டார். 400 பக்கத்துக்கு மேல்! உள்ளே பக்கத்துக்கு பக்கம் காலும் வாயும்தான்.

குளத்தில் சிவப்பு மணி மாதிரி ஒன்று விறுவிறு என்று நீந்தினால், அது தண்ணீர் உண்ணியாக இருக்கலாம். மனிதனைக் கடிக்காது. சில மீன்கள் அதை வாயில் போட்டு, பிடிக்காமல் துப்பிவிடும்.