கூலிக்குப் பிரார்த்தித்தவர்கள்: ஒரு பழைய ஆங்கிலச் சொல்லின் கதை

ஆங்கிலத்தில் 'பீட்ஸ்மன்' என்றொரு சொல் இருந்தது. பிறருக்காகப் பிரார்த்திப்பதற்கென்றே பணமோ, உணவோ, தங்க இடமோ பெற்றவர் என்பது அதன் பொருள். இன்று அது பெரிய அகராதிகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், கீட்ஸின் 'த ஈவ் ஒஃப் சென் எக்னஸ்' கவிதையில்தான் நான் அதை முதலில் சந்தித்தேன். 1820இல் வெளிவந்த அக்கவிதை, கடுங்குளிரில் விரல் விறைத்த ஒரு முதியவர் ஜெபமாலை உருட்டுவதில் தொடங்குகிறது. மாளிகையில் விருந்து நடக்கிறது. அவரோ சிற்றாலயத்தில் தனியே இருக்கிறார். கவிதை முடியும்போது அவர் இறந்து கிடக்கிறார். தேடி வர ஆளில்லை.

'பீட்' என்றால் மணி என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்குப் பிரார்த்தனை என்பதே அர்த்தம். எண்ணிக்கைக்காக மணிகளை உருட்டி உருட்டி, பிரார்த்தனையின் பெயர் மணிக்கே ஒட்டிக்கொண்டது. நம்மிடம் 'தஸ்பீஹ்' என்ற சொல்லும் இதே வழியில்தான் போயிருக்கிறது. இறைவனைத் துதிப்பதைக் குறிக்கும் சொல் அது. ஆனால் "தஸ்பீஹை எங்க வெச்ச?" என்று உம்மா கேட்டால் மணிமாலையைத்தான் தேடுகிறோம். (மணி உருட்டலாமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை.)

மத்திய கால இங்கிலாந்தில் செல்வந்தர்கள் மரண சாசனத்தில் நிலமோ பணமோ ஒதுக்கி வைப்பார்கள். அந்த வருமானத்தில் வறிய முதியவர்கள் சிலருக்கு விடுதியும் சாப்பாடும் கிடைக்கும். பதிலுக்கு அவர்கள் தினமும் தேவாலயம் சென்று, கொடுத்தவரின் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும். இறந்தவரின் ஆன்மா சொர்க்கம் புகுமுன் சுத்திகரிப்பு நிலையில் துன்புறும், உயிரோடிருப்பவர்களின் ஜெபம் அத்துன்பத்தைக் குறைக்கும் என்ற கத்தோலிக்க நம்பிக்கையே இதற்கு அடிப்படை. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், அஜின்கோர்ட் போருக்கு முன்பு மன்னன் தன் தந்தையின் குற்றத்துக்கு மன்னிப்பு வேண்டுகிறான். அதற்காக 500 ஏழைகளுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்து வருவதாக இறைவனிடம் கணக்கும் காட்டுகிறான். ஆனாலும் இதனால் பயன் உண்டா என்ற சந்தேகம் அவனை விடவில்லை.

மேலிடத்துக்கு மனு எழுதியவர்களும் தம்மைப் 'பீட்ஸ்மன்' என்று தாழ்மையோடு குறிப்பிட்டுக் கொண்டார்கள். பாரசீக மொழியில் இதற்கு 'துஆகோ', அதாவது துஆச் செய்பவன் என்ற சொல் உண்டு. முகலாயர்கள் ஆலிம்களுக்கும் சூபிகளுக்கும் 'மதத் மஆஷ்' என்ற மானிய நிலங்களைக் கொடுத்தார்கள். அரசு நிலைக்க அவர்கள் துஆச் செய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவர்களை 'லஷ்கரே துஆ', துஆப் படை, என்றே அழைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்துவது பணம் கைமாறியதல்ல. ஏழையின் சோறு அவன் நன்றியோடு சேர்த்துக் கட்டப்பட்டதுதான். உலருணவுப் பொதியைக் கையில் கொடுத்து, கமெராவுக்கு முன் நிறுத்தி, "ஹாஜியாருக்கு துஆச் செய்யுங்க" என்று சொல்வதை நாமும் காண்கிறோம். அந்த உம்மா வாய் திறந்து துஆக் கேட்கும்வரை படம்பிடிப்பவர் காத்திருப்பார். ஸூரத்துல் இன்ஸானின் ஒன்பதாவது வசனத்தை ஓதாதவர்களா நாம்? மனம் விரும்பி ஒருவர் கேட்கும் துஆ வேறு, பொதிக்கு விலையாகக் கேட்கவைக்கும் துஆ வேறு.

இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1547இல் வந்த சட்டம் இறந்தோருக்கான இந்த ஜெப அறக்கட்டளைகளைக் கலைத்து, சொத்துகளை அரசுடைமையாக்கியது. சுத்திகரிப்பு நிலை என்ற ஒன்றே இல்லை என்பது சீர்திருத்தவாதிகளின் வாதம். இறந்தவரைப் பற்றிய கொள்கை மாறியபோது, உயிரோடிருந்த சில முதியவர்களின் கூரையும் சேர்ந்து போனது.

ஸ்கொட்லாந்தில் மட்டும் மன்னரின் பீட்ஸ்மன்கள் வெகுகாலம் தொடர்ந்தார்கள். மன்னருக்கு எத்தனை வயதோ அத்தனை பேர். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எண்ணிக்கையில் ஒருவர் கூடுவார். அன்று ஆளுக்கொரு நீல அங்கியும் சிறிது பணமும் கிடைக்கும். நாடெங்கும் தடையின்றிப் பிச்சை கேட்பதற்கு அனுமதிச் சின்னமும் உண்டு. வோல்டர் ஸ்கொட் 1816இல் எழுதிய 'த அன்டிகுவரி' நாவலில் வரும் எடி ஒக்கில்ட்ரீ இப்படியொரு நீல அங்கிக்காரர்தான். 1833இல் புதிய நியமனங்கள் நிறுத்தப்பட்டன. எஞ்சியிருந்தவர்களில் கடைசி ஆள் 1863இல் எடின்பரோவில் தன் கொடுப்பனவைப் பெற்றுக்கொண்டார்.