இணைய முகவரியைப் பிரித்துப் படிப்போமா?

மெயிலில் வந்த லிங்க்கில் உங்கள் வங்கியின் பெயர் இருக்கிறது. நம்பி கிளிக் செய்திடலாமா? பெயர் இருந்தால் மட்டும் போதாது. அது முகவரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி முகவரியைப் பாருங்கள்.

எச்டிடிபிஎஸ்://வங்கி.காம்.எக்ஸாம்பிள்.நெட்/லாகின்?மொழி=தமிழ்#உதவி

முதல் துண்டு, தகவல் எந்த முறையில் பயணிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. அடுத்துள்ள இரட்டைச் சாய்வுக் கோடு தேவையே இல்லை என்று வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 2009ல் கூறிவிட்டார். ஆனால் அது இன்றும் போகவில்லை! அதன் பின், அடுத்த சாய்வுக் கோடு வரை உள்ளது ஹோஸ்ட்நேம். எந்தத் தளத்திற்குச் செல்கிறோம் என்பதைச் சொல்வது இதுதான். பிறகு வருபவை அந்தத் தளத்தின் பக்கம், கேள்விக்குறிக்குப் பின் அதற்குத் தரும் குறிப்புகள், ஹாஷ் குறிக்குப் பின் பக்கத்திற்குள் உள்ள இடம்.

ஹோஸ்ட்நேமை வலமிருந்து இடமாகப் படியுங்கள். இங்கே கடைசியில் நெட், அதற்கு முன் எக்ஸாம்பிள். தளம் எக்ஸாம்பிள்.நெட் உரிமையாளருடையது. "வங்கி.காம்" என்பது அவர் தன் விருப்பப்படி முன்னால் ஒட்டிக்கொண்டது. இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. எச்டிடிபிஎஸ் என்று இருப்பதும் தகவல் பூட்டப்பட்டுச் செல்கிறது என்றே சொல்லும். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லாது.

இன்னொரு தந்திரம், மெயில் முகவரியில் வரும் அட் குறி.

எச்டிடிபிஎஸ்://வங்கி.காம்@எக்ஸாம்பிள்.நெட்

குறிக்கு முன் உள்ளதை பிரவுசர் யூசர் நேமாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் போய்ச் சேருவது எக்ஸாம்பிள்.நெட்.

கண் ஏமாறலாம் என்பதால் இந்த வேலையை பிரவுசரிடமே விடலாம். காலியான டேபில் எப்12 அழுத்தி, கன்சோல் பகுதியில் இதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

நியூ யுஆர்எல்("முகவரி").ஹோஸ்ட்நேம்

யுஆர்எல் மட்டும் பெரிய எழுத்துகள். ஹோஸ்ட்நேம் தனியே கிடைக்கும், தளம் திறக்கப்படாது.

புள்ளிகளில் வெட்டி கடைசி இரண்டு துண்டுகளை எடுக்கும்படி நீங்களே புரோகிராம் எழுதினால், சிஓ.இன் என முடியும் இந்திய முகவரிகளில் அது தவறும். அங்கே மூன்று துண்டுகள் வேண்டும். இத்தகைய முடிவுகளின் பட்டியலை மொஸில்லா தொடங்கி இலவசமாகத் தந்துள்ளது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.