ஃபால்ஸ் சீலிங்ல எல்இடி லைட் போடப் போறீங்களா? முதல்ல இன்ச் டேப்பை எடுங்க

திருத்தணியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் சப்ஸ்கிரைபர் ஒருத்தர் போன வாரம் ஒரு கொட்டேஷனை அனுப்பி, "பர்சனல் லோன் எடுக்கலாமா சார்?" என்று கேட்டிருந்தார். அப்பா கட்டிய வீடு. மாடியில் ஹாலும் இரண்டு பெட்ரூமும். மூன்றிலும் ஃபால்ஸ் சீலிங், அதில் பதிக்கிற எல்இடி லைட் 26, ஜிஎஸ்டி சேர்த்து 85,000 ரூபாய். தரையிலிருந்து தளம் ஒன்பதரை அடிதான் என்பதால், "ரெண்டே இன்ச் இறக்கி போர்டு அடிச்சிடலாம்" என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார்.

லோன் விஷயத்துக்கு அப்புறம் வரேன். இந்தக் கொட்டேஷனில் உங்களுக்கு அதிகம் செலவு வைக்கப்போவது அந்த 'ரெண்டே இன்ச்'தான்.

நம்ம ஊர் வீடுகளில் மேலே இருப்பது கான்கிரீட் தளம். லைட்டைப் பதிக்க அதில் இடமே கிடையாது. போர்டை எவ்வளவு இறக்குறோமோ அவ்வளவுதான் இடம். ஜிப்சம் போர்டே பொதுவாக 12.5 மில்லிமீட்டர், அதாவது அரை இன்ச். இரண்டில் அரை போனால் மிச்சம் ஒன்றரை. பின்னால் அலுமினிய ஹீட் சிங்க் வைத்த சிஓபி லைட்டுக்கு இந்த இடம் பத்தவே பத்தாது. ஸ்லிம் பேனல் லைட் உள்ளே போயிடும். ஆனா அதோட ஒயரில் ஒரு குட்டிப் பெட்டி தொங்கும், பார்த்திருப்பீங்க. அதுதான் டிரைவர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்டை எல்இடி-க்குத் தகுந்த மாதிரி மாற்றித் தருவது அதுதான். அந்த டிரைவர் காற்றே இல்லாத ஒன்றரை இன்ச் இடுக்கில், மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே படுத்துக் கிடக்கும்.

ஊரையும் கொஞ்சம் யோசிங்க. கோடையில் வானிலை மையம் வெளியிடும் வெப்பநிலைப் பட்டியலில் வேலூரும் திருத்தணியும் அடிக்கடி முன்வரிசையில் வரும். வெளியே 40 டிகிரி தாண்டும் நாளில், வெயில் வாங்கிய தளத்துக்கு அடியில் அடைபட்ட காற்று அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். லைட் எரிய ஆரம்பித்தால் டிரைவரின் சொந்தச் சூடும் சேர்ந்துக்கும். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பாங்க. தினமும் 5 மணி நேரம் என்றால் 13 வருஷத்துக்கும் மேல! ஆனா பொதுவாக அது 25 டிகிரி சூழலை வைத்துச் சொல்வது. டிரைவருக்குள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் சுமார் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் ஆட்களின் பழைய கணக்கு. எல்இடி நல்லா இருக்கும்போதே டிரைவர் போய்விடுவது இதனால்தான்.

போனால் மாத்திக்கலாமே என்பீங்க. டிரைவர் தனியாக இருந்தால், ஆமாம், சின்னச் செலவு. உள்ளேயே சேர்ந்து வரும் மாடலில் முழு லைட்டையும் மாத்தணும். மூணு வருஷம் கழித்து அதே கட்-அவுட் அளவில் அதே மாடல் கடையில் இருக்குமா? புது லைட் ஓட்டையைவிடப் பெரிசா இருந்தா வெட்டிக்கலாம், சின்னதா இருந்தா போர்டை ஒட்டுப் போட்டு, பட்டி பார்த்து, அந்த இடம் தனியாகத் தெரியாமல் இருக்க சீலிங் முழுக்க பெயின்ட். லைட் விலையைவிடக் கூலி பல மடங்கு. கொட்டேஷனில் இந்த வரி இருக்காது.

"கரண்ட் மிச்சமாகும்" என்றும் சொல்லியிருக்காங்க. ஹாலில் இப்போது 20 வாட் எல்இடி டியூப் இரண்டு, 40 வாட். புதுசு 12 வாட்டில் பத்து, 120 வாட். தினமும் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 12 யூனிட் இருந்த இடத்தில் 36 யூனிட். பெரிய தொகை இல்லைதான், ஆனா மிச்சம் எங்கேங்க?

இப்போ லோன். 85,000 ரூபாய், 14 சதவீத வட்டி, மூணு வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 2,905. மொத்த வட்டி 19,500-க்கு மேல். "வீட்டு வேலைதானே, வரிச்சலுகை உண்டே" என்று சிலர் சொல்வாங்க. 1961 வருமான வரிச் சட்டத்தின் 24(பி) பிரிவில், குடியிருக்கும் சொந்த வீட்டின் பழுதுபார்ப்புக்கு வாங்கிய கடன் வட்டிக்கு உச்ச வரம்பு வருஷத்துக்கு 30,000 ரூபாய். அதுவும் பழைய வரி முறையில் மட்டும். புது முறையில் இருப்பவர்களுக்கு இல்லை. அசலுக்கு 80சி-யும் கிடையாது, அது வீடு வாங்க, கட்ட எடுத்த கடனுக்கு. இதில் இவருக்கு வேறொரு சிக்கலும் இருக்கு: வீடு அப்பா பேரில். பழுதுபார்ப்பே ஆனாலும் உரிமையாளர் இல்லாதவர் இந்தக் கழிவைக் கேட்க முடியாது. (வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஃபால்ஸ் சீலிங் ஆசையை இங்கேயே விட்டுடுங்க. கழற்றி எடுத்துட்டுப் போக முடியாத பொருள் அது.)

நான் சொன்ன மாற்று இதுதான். பெட்ரூம் இரண்டிலும் சீலிங்கே வேண்டாம். தளத்தில் நேராக ஒட்டுகிற சர்ஃபேஸ் பேனல் லைட் போதும், பார்க்க அதே வட்டம்தான். ஹாலில் மட்டும் சுற்றுப் பார்டரை ஐந்து இன்ச் இறக்கிடலாம். நடுவில் தளம் அப்படியே இருக்கட்டும், ஃபேனுக்கும் தொல்லை இல்லை. பார்டருக்குக் கீழே 9 அடி 1 இன்ச் மிச்சம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்குச் சொல்லும் 2.75 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிரைவர் தனியாக இருக்கும் லைட்டா பார்த்து வாங்கி, கட்-அவுட் வழியா கையைவிட்டால் எட்டும் தூரத்தில் டிரைவரை வைக்கச் சொல்லுங்க. ஒயர் ஜாயின்ட் டேப்பில் வேண்டாம், கனெக்டரில். இறக்கம் எத்தனை இன்ச் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்க. திருத்திய கொட்டேஷன் 34,000-க்கு வந்தது. அந்த 2,905-ஐ ஆர்டி-யில் போட்டால் 12 மாசத்தில் கையில் காசு, லோனே தேவையில்லை.

எல்லை தாண்டி நகரியில் வாங்கினா மலிவா என்றும் கேட்டார். 1960 வரை இரண்டும் ஒரே மாநிலத்தில் இருந்த ஊர்கள். இப்போது ஜிஎஸ்டி ரேட்டும் ஒண்ணுதான். எல்இடி லைட்டுக்கு 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். அந்தப் பதினெட்டைக் கழித்துத் தருகிறேன் என்று எந்தப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னாலும், பில் தரமாட்டார் என்று அர்த்தம். பில் இல்லாவிட்டால் வாரன்ட்டி கேட்டு நிற்க முடியாது. லைட்டின் மேல் பிஐஎஸ் முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டுப் பாருங்க. அப்படியே அதே மாடலில் இரண்டு லைட் கூடுதலாக வாங்கி, பில்லோடு பரணில் போட்டு வைங்க.