வலையை அறுத்து ஆவுளியாவைக் காப்பாற்றும் மீனவர்கள்!
தாய் செத்தால் குட்டியும் பிழைக்காது; தாய்லாந்தில் நடந்த பரிதாபம்

புதுக்கோட்டை,

கடன் வாங்கிப் போட்ட வலை. கடன் இன்னும் அடையவில்லை. அந்த வலையைத் தன் கையாலேயே கத்தி வைத்து அறுக்க யாருக்காவது மனம் வருமா?

வருகிறது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் அப்படி மனம் வந்த மீனவர்கள் இருக்கிறார்கள். வலைக்குள் சிக்கித் தவிக்கும் ஒரு வாயில்லா ஜீவனை உயிரோடு விடுவதற்காகவே அவர்கள் வலையை அறுக்கிறார்கள்.

அந்த ஜீவன்தான் கடல் பசு. மீனவர்கள் வாயில் அதற்குப் பெயர் ஆவுளியா.

மீன் அல்ல!

பார்க்க மீன் மாதிரி இருந்தாலும் இது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. 10 அடி நீளம் வரை வளரும். எடை 300, 400 கிலோ இருக்கும். யாரையும் கடிக்காது. ஆழம் இல்லாத கடலில் முளைத்திருக்கும் கடற்புல்லை மேய்வதுதான் அதன் வேலை. ஒரு நாளைக்கு 40 கிலோ புல் வரை தின்று தீர்த்துவிடும்.

மீனுக்குச் செவுள் உண்டு. ஆவுளியாவுக்கு நுரையீரல். சில நிமிடத்துக்கு ஒரு தடவை அது தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் என்ன ஆகும்? கடலிலேயே பிறந்து வளர்ந்த பிராணி கடல் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்!

"மாட்டிக்கிச்சு!"

ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும் வலையில் சிக்கினால் பெரும்பாலும் பிணம்தான் கிடைக்கும். ஆள் பக்கத்தில் இருக்கும்போதும், கரைவலையில் வளைபட்டாலும்தான் உயிரோடு கிடைக்க வழி உண்டு.

"ஆவுளியா மாட்டிக்கிச்சு!" என்று குரல் கிளம்பிவிட்டால் அப்புறம் யோசிக்க நேரம் கிடையாது. வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிக்கொள்ள வேண்டும். சிக்கெடுத்துக்கொண்டு நிற்காமல் வலையை அறுத்து, அதைக் கடலுக்குள் விட்டுவிட வேண்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடினால் அது மேலும் மிரளும்.

அன்றைய மீனும் போச்சு, வலையும் போச்சு. கையில் மிஞ்சுவது ஒரு உயிர் பிழைத்த திருப்தி மட்டுமே.

தொண்டர் படை

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016-ம் ஆண்டு தமிழ்நாடு, குஜராத், அந்தமான் கடல்களில் கடல் பசுவைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கடலை அறிந்த மீனவர்களையே தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டது. ஆவுளியாவைக் கண்டால் தகவல் சொல்ல வேண்டும். சிக்கினால் விடுவிக்க வேண்டும். உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ஊக்கத்தொகையும் கொடுத்திருக்கிறது.

ஒரு காலத்தில் ராமநாதபுரம் மாவட்டக் கரைகளில் ஆவுளியா இறைச்சி விலைக்குப் போனது. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் அது இருக்கிறது. கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது.

ஆனால் நடுக்கடலில் நிற்க போலீஸ்காரர் கிடையாது. வலையைப் போட்டவன் மனசு வைத்தால்தான் உண்டு.

நாட்டிலேயே முதல்

2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோ மீட்டர் கடலை கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தில் இருந்து புதுக்கோட்டை மாவட்டம் அம்மாபட்டினம் வரை இது நீள்கிறது. கடல் பசுவுக்காக இந்தியாவில் அமைந்த முதல் காப்பகம் இதுதான். நாடு முழுவதும் சேர்த்தே சுமார் 240 கடல் பசுக்கள்தான் இருக்கும், அதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கடலில்தான் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது.

அதே 2022-ல் சீனாவில் இருந்து ஒரு துக்கச் செய்தி வந்தது. அந்த நாட்டுக் கடலில் கடல் பசு இனம் அற்றுப்போனது போலத்தான் என்று விஞ்ஞானிகள் கையை விரித்துவிட்டார்கள்.

மரியம் கதை

தாயை இழந்த குட்டியை எடுத்து வளர்த்துவிட முடியாதா? தாய்லாந்தில் முயன்று பார்த்தார்கள்.

2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிராபி கடற்கரையில் ஒரு கடல் பசுக் குட்டி தனியாக ஒதுங்கியது. தாயைக் காணோம். "மரியம்" என்று பெயர் வைத்து லிபோங் தீவுக்குக் கொண்டு போனார்கள். கால்நடை டாக்டர்களும் தொண்டர்களும் கடலில் இறங்கி நின்று குழாய் வழியாகப் பால் புகட்டினார்கள். கடற்புல்லைக் கையில் வைத்து ஊட்டினார்கள். குட்டி அவர்களிடம் ஒட்டிக்கொண்டது. நாடே அந்தக் குட்டியைச் செல்லம் கொஞ்சியது.

நாலு மாதம்தான். ஆகஸ்டு 17-ந் தேதி மரியம் செத்துவிட்டது. வயிற்றை அறுத்துப் பார்த்தபோது குடலில் பிளாஸ்டிக் துண்டுகள்!

அத்தனை டாக்டர்கள், அத்தனை தொண்டர்கள் இருந்தும் தாயின் இடத்தை நிரப்ப முடியவில்லை. ஆவுளியா சுமார் 13 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்கு 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை ஆகும். குட்டி ஒன்றரை வருஷம் வரை தாயின் பாலைக் குடிக்கும். ஆகவே வலையில் ஒரு தாய் செத்தால் கணக்கு ஒன்றல்ல, இரண்டு.

கரையில் இருப்பவர்களுக்கு

மணமேல்குடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வேலை என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டைக் காட்டில் இருந்து தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் புள்ளிமான்கள் ரோட்டில் அடிபடுகின்றன, நாய்களிடம் கடிபடுகின்றன, கிணற்றில் விழுகின்றன. விராலிமலைப் பக்கம் மயிலுக்குப் பஞ்சம் இல்லை.

அடிபட்ட மானைக் கண்டால் நாய்களை விரட்டிவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும். கட்டிப்பிடிக்க, தண்ணீர் புகட்ட, போட்டோ எடுக்க என்று சுற்றி நிற்கக் கூடாது. காயத்தால் சாகாத மான் மிரட்சியால் செத்துப்போவது உண்டு.

புதருக்குள் மான் குட்டி தனியாகப் படுத்திருந்தால் அநாதை என்று எண்ணித் தூக்கி வந்துவிடக் கூடாது. தாய் மான் குட்டியை மறைவாகப் படுக்க வைத்துவிட்டுத்தான் மேயப் போகும். மானையோ மயிலையோ ஆசைக்காக வீட்டில் வளர்த்தால் அது சட்டப்படி குற்றம்.

கடலில் நிற்கும் மீனவருக்கு உள்ள சிரமம் இதில் பாதிகூட இல்லை. அவர் வலையை இழந்து உயிரைக் காக்கிறார். அறுந்த வலையை உட்கார்ந்து கோத்துவிடலாம். தாய் ஆவுளியா போனால் ஈடு செய்ய ஆளில்லை. பொழுதன்றைக்கும் உழைத்தால்தான் சோறு என்ற நிலையிலும் அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்திருக்கிறது.