காட்டுப் பூனையும் பழந்தின்னி வௌவாலும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி சேர்வராயன் மலையடிவாரத்தை அடுத்த ஊர். மலையிலிருந்து இறங்கிவரும் வாணியாறு அங்கே கரும்புக்கும் மரவள்ளிக்கும் நீர் தருகிறது. வயலைத் தாண்டினால் முட்புதரும் புளியமரமும் தென்படும். இத்தகைய நிலத்தில் பகல் மனிதனுக்கு உரியது. இரவு வேறு சில உயிர்களுக்கு உரியது. அவற்றுள் இரண்டினை இன்று ஒப்புநோக்குவோம்.

ஒன்று, துருப்புள்ளிப் பூனை. இரும்பில் ஏறிய துருவின் நிறத்தில் புள்ளிகள் உடையதால் இப்பெயர். புதுச்சேரியில் கிடைத்த ஒரு பூனையைக் கொண்டே, 1831-ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறிஞர் ஒருவர் இவ்வினத்தை உலகுக்கு அறிவித்தார். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் மட்டுமே இது வாழ்கிறது. வறண்ட காடும் புதரும் இதற்கு உகந்த இடங்கள். மற்றொன்று, பெரிய பழந்தின்னி வௌவால். சிறகுகளை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் அகலும்.

தோற்றத்தில் இவ்வளவு வேறுபட்ட இவ்விரண்டும் எடையில் ஏறக்குறைய ஒன்றே என்றால் வியப்பாக இருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோகிராம் அளவில் அடங்கிவிடுகின்றன. வௌவால் பறவையன்று, பூனையைப் போலவே குட்டி ஈன்று பாலூட்டுவது. சிறு வௌவால்கள் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் வழி அறியும். இப்பெரிய வௌவாலுக்கு அவ்வித்தை இல்லை. பூனையைப் போலக் கண்ணையும் மூக்கையும் நம்பியே இரவில் இயங்குகிறது.

தொழிலில்தான் இரண்டும் பிரிகின்றன. பூனை தனியே திரிந்து எலி, பல்லி, தவளை, சிறு பறவை ஆகியவற்றைப் பிடிக்கும். எலி குறைந்தால் உழவனுக்கு ஆதாயம். வௌவாலோ கூட்டமாக மரத்தில் தொங்கி, மாலையில் இரை தேடிப் புறப்படும். அத்தியும் ஆலும் ஈனும் பழங்களைத் தின்று, விதைகளைத் தொலைவில் கொண்டுபோய் இடும். இலுப்பைப் பூவில் தேனுண்ணும்போது மகரந்தத்தையும் சுமந்து செல்லும்.

இவ்விரண்டையும் சட்டம் நெடுங்காலம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பூனைக்கு உயர்ந்த பாதுகாப்பு அளித்தது. பழந்தின்னி வௌவாலையோ எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பட்டியலே நீங்கிற்று.

வௌவாலைப் பற்றிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. நிப்பா நோய்க்கிருமி இவ்வினத்தின் உடலில் தங்கக்கூடும். 2018-இல் கோழிக்கோட்டுப் பகுதியில் அந்நோய் பல உயிர்களைப் பலிகொண்டது. ஆகவே வௌவால் கடித்துப் போட்ட பழத்தை உண்ணலாகாது. அதனைப் பிடித்துக் கையாளவும் மருந்தென்று தின்னவும் கூடாது. ஆனால் கூட்டத்தைக் கலைப்பதோ மரத்தை வெட்டுவதோ பரிகாரமாகாது. அவை வேறிடம் தேடி அலையுமே அன்றி அழிந்துவிடா. ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் இவ்வினம், கொன்று குறைத்தால் எளிதில் மீளாது. தமிழ்நாட்டின் சில ஊர்களில் இவற்றுக்காகவே தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை.

பூனைக்கும் நாம் செய்ய வேண்டியது சிறிதே. கரும்பு வெட்டுகையில் புள்ளியுள்ள குட்டிகள் தென்பட்டால், சிறுத்தைக் குட்டியென்று அஞ்சி எடுத்துச் செல்லாதீர்கள். அவ்விடத்தை விட்டு விலகி, வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆளரவம் அடங்கினால் தாய் இரவில் வந்து தன் குட்டிகளைத் தூக்கிச் செல்லும்.