பழமரங்களின் நீர்நிலையை ஊறின்றி அளவிடுதல்

பழமரத்தின் நீர்நிலை என்பது, அதன் திசுக்களில் உள்ள நீர் தேவைக்குப் போதுமானதா என்பதைக் குறிக்கும். இலை வாடுவது கண்ணுக்குத் தெரியும் முன்பே நீர்ப் பற்றாக்குறை காயின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும். ஸ்பெயினின் மூர்சியா போன்ற வறண்ட பகுதிகளில் எலுமிச்சை, பீச், பாதாம் மரங்களுக்கு நீரைக் குறைத்துப் பாய்ச்சுகின்றனர். எவ்வளவு குறைக்கலாம் என்பதை மரத்தைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

அழுத்தக் கலம்

1965-இல் ஷோலாண்டரும் அவரது குழுவினரும் விவரித்த இம்முறை இன்றும் ஒப்பீட்டு அளவாக விளங்குகிறது. பறித்த இலையை, காம்பின் வெட்டுமுனை வெளியே தெரியுமாறு கலத்தில் அடைத்து, வாயு அழுத்தத்தைக் கூட்டுவர். வெட்டுமுனையில் சாறு கசியத் தொடங்கும் அழுத்தம், இலைக்குள் நீர் எவ்வளவு இழுவிசையில் இருந்தது என்பதைக் காட்டும். ஆனால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஓர் இலையைப் பறிக்க வேண்டும்; அவ்வேளையின் நிலை மட்டுமே தெரியும்.

அடிமரத்தின் சுருக்கம்

டெண்ட்ரோமீட்டர் என்னும் கருவியின் உணர்முனை, அடிமரத்தின் பட்டையைத் தொட்டவாறு இரவும் பகலும் விட்ட மாற்றத்தைப் பதிவுசெய்யும். பகலில் இலைகள் இழக்கும் நீரை வேர்களால் உடனே ஈடுசெய்ய இயலாதபோது, பட்டைத் திசுக்களில் உள்ள நீர் சைலத்துக்குச் செல்லும். இதனால் அடிமரம் சிறிது சுருங்கி, இரவில் மீண்டும் பருக்கும். விடியற்காலை விட்டத்துக்கும் பிற்பகல் விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அன்றாடப் பெருமச் சுருக்கம் எனப்படும். இது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே.

வெயில் மிகுந்த நாளில் நன்கு நீர் பெற்ற மரமும் கூடுதலாகச் சுருங்கும். ஆகவே முழுமையாக நீர் பாய்ச்சப்பட்ட மரங்களுடன் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். கடும் வறட்சியில் பட்டையின் நீர் இருப்பு தீர்ந்துவிடுவதால் சுருக்கம் மீண்டும் குறையும். அதை மரம் தேறிவிட்டதாகக் கருதினால், நீர் மிகவும் தேவைப்படும் வேளையில் பாசனம் தவறிவிடும். விடியற்காலை விட்டம் நாள்தோறும் குறைந்துவந்தால் மரம் தேறவில்லை என அறியலாம்.

இலை வெப்பநிலை

இலைத்துளைகள் மூடினால் நீராவிப்போக்கு குறைந்து இலை சூடாகும். அகச்சிவப்பு வெப்பமானி இதை மரத்தைத் தொடாமலே அளக்கும். 1981-இல் இட்சோ, ஜாக்சன் முதலியோர் அமெரிக்காவின் அரிசோனாவில் இதன் அடிப்படையில் 0 முதல் 1 வரையிலான நீர் நெருக்கடிக் குறியெண்ணை உருவாக்கினர். மேகம், காற்று, கருவியின் பார்வையில் படும் வெற்று மண் ஆகியவை இவ்வளவைப் பிறழச் செய்யும்.

எனவே இக்கருவிகளின் அளவுகளை இடையிடையே அழுத்தக் கலத்தால் சரிபார்ப்பது நல்லது. அதற்குச் சில இலைகளே போதும்.